மஞ்சளைத் தாண்டாத மரம்

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை மூச்சுமரத்தடிக்கு அழைத்துப் போய் ஊதச் சொல்லலாம் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியது என்பது சிந்துஜாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மரத்தை வடிவமைத்தவள் அவள்தான். அதை வைத்து என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். பள்ளிக்கூடங்களிலிருந்து வருவார்கள், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், ஆலைக்காரர்களுக்கு வெட்கம் வரும். கல்யாணம் அந்த நோட்டில் இல்லை.

நெடுங்கழி, சென்னைக்கு வடக்கே, கடலும் உப்பங்கழியும் சேருகிற இடத்தில் இருக்கும் ஊர். கழியின் இரண்டு கரையிலும் ஆலைகள். ஊர்க்காரர்கள் துணி காயப்போடும் முன் எந்தப் பக்கமிருந்து காற்று வீசுகிறது என்று பார்ப்பார்கள். நகராட்சி அலுவலக வாசலில் காற்றின் அளவுகளைக் காட்டும் பலகை ஒன்று பல வருஷங்களாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இளநீர் விற்கிறவர்கூட அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. எண்களைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை என்பது சிந்துஜாவின் கட்சி. பொது இடத்தில், மக்கள் தொட்டும் அசைத்தும் விளையாடக்கூடிய கலைப்படைப்புகளைச் செய்வது அவள் தொழில். வேறோர் ஊரில், ஏரியின் நீர்மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு பாலத்தைச் செய்து பெயர் வாங்கியிருந்தாள். நெடுங்கழி நகராட்சி அவளை அழைத்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது.

அவள் செய்து தந்தது இருபது அடி உயர எஃகு மரம். நானூறு கண்ணாடி இலைகள். அடிமரத்தைச் சுற்றி நெஞ்சளவு உயரத்தில் ஐந்து பித்தளைக் குவளைகள். குவளைக்கு முன்னால் நின்று நீளமாக ஒரு மூச்சு ஊதினால், தலைக்கு மேலே ஒரு கிளை முழுவதும் ஒளிரும். உடம்புக்குள் இந்த ஊர்க் காற்று எவ்வளவு தங்கியிருக்கிறதோ அதற்கேற்ற நிறத்தில். பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு, கடைசியில் கருஞ்சிவப்பு. ஒரு நிமிஷம் அந்த நிறம் அப்படியே நிற்கும்.

கருவிப் பகுதியைச் செய்தவன் அவளோடு படித்த பிரணவ். "இருபது வருஷம் ஒருத்தர் இந்தக் காத்தை சுவாசிச்சா அது எங்கயும் போயிடாது, சிந்து" என்று அவன்தான் அவளுக்கு விளக்கியவன். "நுரையீரல்ல, கொழுப்புல உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மூச்சுலயும் துளித்துளியா வெளிய வரும். அதை நம்மால பிடிச்சிட முடியும். நோய் இருந்தாக்கூட சில சமயம் அதோட வாடை முன்னாடியே வந்துடும்."

அவர்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான் வந்தது. ஒவ்வொருவர் மூச்சையும் தனியாகக் காட்ட வேண்டாம் என்றான் பிரணவ். ஒருநாள் முழுக்க ஊதுகிறவர்களின் மூச்சையெல்லாம் சேர்த்து, மொத்த மரத்துக்கும் ஒரே நிறம் கொடுக்கலாம் என்றான். சிந்துஜா அப்படியொரு மாதிரி செய்து சந்தையில் வைத்துப் பார்த்தாள். ஊதினார்கள், மேலே பார்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை, போய்விட்டார்கள்.

"ஊதின அந்த நொடியே 'இது என்னோடது'ன்னு அவங்களுக்குத் தோணணும். இல்லன்னா இதுவும் இன்னொரு பலகைதான்" என்றாள்.

"நீ காத்தைக் காட்டப் போறதா சொன்ன. இப்போ ஆளைக் காட்டுற."

"ஆளுக்குள்ள இருக்கறதும் அதே காத்துதானே?"

"ஆலை வந்து அந்தக் குவளையில ஊதப் போறதில்ல, சிந்து."

அவள் சிரித்தாள். பெயர்களைப் பதிவு செய்யப் போவதில்லை என்று சொன்னாள். நேரமும் எண்ணும் மட்டும் பொதுத் தளத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம், ஆனால் அது யாருடைய மூச்சு என்று ஒருவருக்கும் தெரியாது. அதுவே போதுமான பாதுகாப்பு என்று அவள் நினைத்தாள். வேலை முடிந்ததும் பிரணவ் கொச்சிக்குப் போய்விட்டான்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. மாலை முழுக்க மரம் செங்கல் நிறத்தில் எரிந்தது. அந்தப் படம் எல்லாச் செய்திகளிலும் வந்தது. ஆலைகளில் ஒன்று புகைபோக்கிக்குப் புது வடிகட்டி போட்டது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. சிந்துஜாவுக்கு இரண்டு விருதுகள் கிடைத்தன.

இரண்டு வருஷம் கழித்து, கண்ணாடி இலைகளில் உப்புப் படிந்ததைச் சரிபார்க்க அவள் நெடுங்கழிக்கு வந்தாள். மரத்தைப் பார்த்துக்கொள்ள நகராட்சி வைத்திருந்த சுகந்தி, குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதை நெருங்கிய பெண். காலை ஆறு மணிக்கு வந்து, ஐந்து குவளையிலும் அவளே ஒருமுறை ஊதிப் பார்ப்பாள். எல்லாக் கிளையும் எரிகிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் அவள் கண்டுபிடித்த வழி. அன்றைக்கு நல்ல சேலை கட்டியிருந்தாள். துடைத்த குவளையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"இன்னா விசேஷம் சுகந்தி?" என்று அவள் பாணியிலேயே கேட்டாள் சிந்துஜா.

"எம் பொண்ணு மோனிஷாவப் பாக்க அரக்கோணத்துலேந்து வராங்க மேடம். வூட்டுக்கு அப்பால வராங்களாம். மொதல்ல இங்க வராங்களாம்."

சிந்துஜாவுக்குப் புரியவில்லை. பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றதும்தான் புரிந்தது. மாப்பிள்ளை, அவனுடைய அம்மா, அத்தை, இன்னும் மூன்று பேர். தெருவின் மறுமுனையிலிருந்து மோனிஷா தோழி ஒருத்தியோடு நடந்து வந்தாள். இருபத்து நான்கு வயது, இ-சேவை மையத்தில் வேலை. தலை நிறையப் பூ. யாரும் யாரையும் வரவேற்கவில்லை. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும்போது நிற்பதுபோல எல்லோரும் அமைதியாக நின்றார்கள்.

மோனிஷா ஊதினாள். கிளை முதலில் மஞ்சளானது. மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்தது. மஞ்சள் மெல்லப் பழுத்துச் செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது.

"இன்னொரு வாட்டி ஊதச் சொல்லுங்க" என்றாள் அத்தை.

இரண்டாம் முறையும் செங்கல் நிறம்தான்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு" என்று அத்தை சுகந்தியிடம் வந்தாள். "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நாளைக்கு ஒரு கொழந்தை பொறந்து, அதுக்கு ஏதாவதுன்னா யாரை நோகறது சொல்லுங்க?" வேன் திரும்பிப் போயிற்று. வீட்டில் கிளறி வைத்திருந்த கேசரி அப்படியே இருந்தது.

சுகந்தி துணியைப் பிழிந்தாள். "இது நாலாவது மேடம்" என்றாள். "இந்த ஊர்ப் பொண்ணுங்களுக்கு எல்லாம் இப்போ இப்டித்தான். பசங்களுக்கும்தான். கான்ட்ராக்ட்காரங்க ஆளுங்கள இங்க கூட்டியாந்து ஊத வெச்சி, செகப்பு வந்தா வேலைக்கு வாணாம்றாங்க. ஆலைக்குள்ள இப்போ நம்ம ஆளு பாதி பேரு இல்ல. வெளியூருலேந்து பச்சையா பாத்து எடுக்கறாங்க."

மோனிஷா பூவைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு சிந்துஜாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதானே இதைச் செஞ்சது?"

"ஆமா."

"எங்களுக்கு மூக்கு இருக்கு மேடம். பொறந்ததுலேந்து தெரியும். உங்க மரம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஊருக்குக் காட்டணும்னு செஞ்சீங்க. ஊரும் வந்து பாத்துச்சு. எங்களைத்தான் பாத்துச்சு." குரல் உயரவில்லை. "அவங்க புகைபோக்கிய யாரும் நிமுந்துகூட பாக்கல."

அன்று பிற்பகல் சிந்துஜா நகராட்சி ஆணையரிடம் போய் மரத்தை அணைத்துவிடலாம் என்றாள். அவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இப்போ அணைச்சா, யாருக்காகவோ மறைக்கறோம்னு பேர் வரும். ஆலைக்குத்தான் சாதகம்" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை.

அன்று மாலை சென்னைக்குத் திரும்பும் வழியில், ஓட்டுநர் இல்லாத ரயில் கழியின் மேல் ஊர்ந்தபோது சிந்துஜா மடிக்கணினியைத் திறந்தாள். மரத்தின் உள்ளே போக அவளிடம் இன்னும் சாவி இருந்தது. நிறத்தை மட்டும் மாற்றினால் போதாது. கைப்பேசியில் எண்ணைப் பார்த்துவிடுவார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் அடியில், ஒவ்வொரு அளவையும் பெருக்கித் தருகிற அளவுத்திருத்த எண்ணையே மாற்றினாள். ஒன்று என்று இருந்ததைப் புள்ளி ஐந்து எட்டு ஆக்கினாள். இனி எந்த மூச்சும் மஞ்சளைத் தாண்டாது. பிரணவை அழைக்கவில்லை. அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். ரயில் அடுத்த நிலையத்தில் நிற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மரத்தால் என்ன கெட்டது நடந்தது என்று அன்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். என்ன நல்லது நடக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை.

நான்கு மாதத்தில் செய்யாற்றிலிருந்து வந்த குடும்பத்தின் முன்னால் மோனிஷா மறுபடி ஊதினாள். மஞ்சள். "மஞ்சள்னா மங்கலந்தானே" என்று மாப்பிள்ளையின் பாட்டனார் சொல்லிச் சிரித்தாராம். கல்யாணப் பத்திரிகையைச் சுகந்தியே சென்னைக்கு வந்து நேரில் கொடுத்தாள். சிந்துஜா போயிருந்தாள். அந்த மாதத்தில் நெடுங்கழியில் ஏழு கல்யாணம் என்று சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொண்டார்கள். சுகந்தி அவள் இலையில் தானே வந்து இன்னொரு ஜாங்கிரி வைத்தாள். என்னவோ கேட்க வந்ததுபோல ஒரு கணம் நின்றாள். பிறகு பாயசம் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தபடி நகர்ந்துவிட்டாள். தான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று திரும்பும் வழியெல்லாம் சிந்துஜா நினைத்துக்கொண்டாள்.

எண்ணை மாற்றிப் பதினொரு மாதம் ஆனபோது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

"மேடம், நான் பர்வீன். நெடுங்கழி ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ். மரத்துல ஏதாவது பழுதா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சுகந்தி அக்காவுக்கு நுரையீரல்ல கட்டி. பெருசா இருக்கு. ரெண்டு பக்கமும் இருக்கு. தினம் அஞ்சு தடவை ஊதற ஆளு. எப்படி மரத்துல தெரியாம போச்சு? அதுதான் எனக்கு ஓடவே இல்ல."

"மரம் நோயைக் கண்டுபிடிக்கச் செஞ்சது இல்லையே சிஸ்டர்."

"இல்லதான். ஆனா கண்டுபிடிச்சுதே!" பர்வீன் வேகமாகப் பேசினாள். "கருஞ்சிவப்பு யாருக்கு வருதோ அவங்களுக்கு சுகந்தி அக்கா ஒரு சீட்டு குடுப்பாங்க. சீட்டை எடுத்துட்டு எங்கிட்ட வந்தா நான் ஸ்கேன் வண்டிக்கு அனுப்புவேன். மாவட்டத்துல கெஞ்சி மாசத்துக்கு ரெண்டு நாள் அந்த வண்டியை வாங்கி வெச்சிருந்தேன். ஒன்றரை வருஷத்துல முப்பத்தெட்டு பேர் போனாங்க. ஒன்பது பேருக்கு ஆரம்பத்துலயே பிடிச்சோம். ஏழு பேர் இப்பவும் வேலைக்குப் போறாங்க மேடம். அப்புறம் திடீர்னு ஒரு சீட்டுகூட வரல. நானே ஸ்வீட் வாங்கிக் குடுத்தேன், காத்து நல்லாயிடுச்சுன்னு. ஆளே இல்லன்னு வண்டியை வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க."

சிந்துஜா மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

பதினொரு மாதப் பதிவையும் இறக்கினாள். எல்லா எண்களையும் புள்ளி ஐந்து எட்டால் வகுத்தாள். பெயரில்லாத ஆயிரக்கணக்கான மூச்சுகளுக்கு நடுவே ஒருத்தியை மட்டும் அடையாளம் காண முடிந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு, வரிசையாக ஐந்து மூச்சு. முதல் மாதம் செங்கல் நிறத்தில் சமமாகப் போன கோடு அடுத்த மாதம் ஏறத் தொடங்கியிருந்தது. எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால், ஒன்பதாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுகந்தியின் தலைக்கு மேல் ஐந்து கிளையும் கருஞ்சிவப்பாகியிருக்கும். தனக்கான சீட்டைத் தானே கிழித்துக்கொண்டு அன்றே அவள் பர்வீனிடம் போயிருப்பாள்.

அவளுடையது நீங்கலாக, கருஞ்சிவப்பைத் தொட்ட மூச்சுகள் இருநூற்றுப் பதினேழு இருந்தன. யாருடையவை என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்தப் பாதுகாப்பைச் செய்ததும் அவள்தான்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனாள். பார்வையாளர் நேரம். ஜன்னலோரக் கட்டிலில் சுகந்தி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகியிருந்தாள்.

"வாங்க மேடம். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. ஒரு காலு ஆடும், பாத்து."

"சுகந்தி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மரத்தப் பத்தியா?"

"ஆமா."

"தெரியும் மேடம்."

சிந்துஜா அவளைப் பார்த்தாள்.

"செய்யாத்துக்காரங்க முன்னாடி மோனிஷா ஊதினாளே, அன்னிக்கு உறுதியாச்சு. அதுக்கு முன்னாடியே சந்தேகந்தான். நான் டெய்லி ஊதறவ. என் கலரு எனக்குத் தெரியாதா? நீங்க வந்துட்டுப் போன மறுநாளே செகப்பு காணாமப் பூட்ச்சி."

"என்னை ஏன் கேக்கல? கல்யாணத்துல நேர்லயே பார்த்தோமே."

"கேட்டா இன்னா பண்ணியிருப்பீங்க? பயந்துகினு திருப்பி வெச்சிருப்பீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சுது. ஒடனே மரம் செவந்துட்டா அவங்க வூட்ல இன்னா பேசுவாங்க? சரி, ஒரு கொழந்த தரிக்கட்டும்னு இருந்தேன். அதுவும் ஆச்சு, ஆறு மாசம். வளைகாப்பு முடியட்டும்னு நெனச்சேன்."

"உங்களுக்கு இருமல் எப்போலேந்து?"

"பொங்கலுக்கு முன்னாடிலேந்து. தூசுன்னு நெனச்சேன்." பிறகு தலையை ஆட்டினாள். "இல்ல மேடம். நெனக்கல. தூசுன்னே வெச்சிக்கலாம்னு வுட்டேன்."

வராந்தாவில் யாரோ தட்டு விழுந்த ஓசை. சுகந்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினாள்.

"என்னுது கூட பரவால்ல. சீட்டுப் புக்கு பைக்குள்ளயே கெடந்துது. மீன் விக்கிற எல்லம்மா அக்கா இருமிக்கினே வந்து ஊதும். மஞ்ச வரும். என் மூஞ்சிய பாக்கும். நல்லாருக்குக்கா, போங்கன்னு சிரிப்பேன். சிரிச்சிக்கினே சொல்வேன் மேடம். அத நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது."

சிந்துஜா அவள் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். கேட்டால் சுகந்தி 'வுடுங்க மேடம்' என்று சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

"திருப்பி மாத்திடப் போறேன் சுகந்தி. எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. சொல்லணும். ஆனா எனக்கு ஒண்ணு பண்ணுங்க. எனக்குத் தெரியும்ன்றத மட்டும் சொல்லாதீங்க. மோனிஷா தாங்க மாட்டா. தங் கல்யாணத்துக்குத்தான் அம்மா செத்தான்னு காலம் பூரா கெடப்பா. நீங்க பண்ணத நீங்க சொல்லிக்கிங்க. என்னுது என்னோட போவட்டும்."

சிந்துஜா சரி என்றாள்.

அன்றே அளவுத்திருத்த எண்ணைப் பழையபடி ஒன்றாக்கினாள். அடுத்த வாரம் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று, தான் செய்ததைச் சொன்னாள். எந்தத் தேதி, எவ்வளவு குறைத்தாள், அதனால் எத்தனை மூச்சு தப்பாகக் காட்டப்பட்டது என்று எல்லாம். சத்தம் எழும் என்று எதிர்பார்த்திருந்தாள். எழுந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை.

"மாத்தினது சரி. எதுக்கும்மா திருப்பி மாத்தினீங்க?" என்று கேட்டார் மூன்றாவது வார்டு உறுப்பினர். "என் தம்பி பொண்ணுக்கு அடுத்த மாசம் நிச்சயம்."

பலர் தலையசைத்தார்கள். அவளுடைய விருதுகளைத் திரும்பப் பெறுவது பற்றிச் சென்னையில் யாரோ எழுதினார்கள். நெடுங்கழியில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆவணி மாதம் சுகந்தி இறந்தாள். செய்யாற்றிலிருந்து நிறைமாதத்தோடு மோனிஷா வந்திருந்தாள். வெயிலில் போட்ட பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், சிந்துஜா உள்ளே வந்ததைப் பார்த்து எழுந்தாள்.

"எனக்காகவா பண்ணீங்க?"

"இல்ல. எனக்காகத்தான். அன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்ததை என்னால தாங்க முடியல. அவ்ளோதான்."

"எங்கம்மாவுக்குத் தெரியாம பண்ணிட்டீங்க."

அது கேள்வியா குற்றச்சாட்டா என்று சொல்ல முடியவில்லை. பந்தலில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா. அவங்களுக்குத் தெரியாது" என்றாள் சிந்துஜா.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க."

"போயிருப்பாங்க."

"அப்போ எங்கம்மாவ நீங்கதான் கொன்னீங்க. இத நான் யார்கிட்ட வேணா சொல்வேன்" என்றாள் மோனிஷா. வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மறுபடி உட்கார்ந்தாள். சிந்துஜா தலை குனிந்து நின்றுவிட்டு வெளியே வந்தாள். அந்த வார்த்தை தனக்கு உரியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்ன பொய் மட்டும் சுகந்திக்கு உரியது.

பர்வீன் மறுபடி மாவட்டத்தில் கெஞ்சி ஸ்கேன் வண்டியை வரவழைத்தாள். வண்டி இருந்தது, ஆட்கள் வரவில்லை. பர்வீன் முதல் நாளே எல்லம்மாவைக் கையைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப் போனாள். கருஞ்சிவப்பு. அவளுக்குச் சிகிச்சை தொடங்கியது. அதைப் பார்த்துச் சிலர் வந்தார்கள். மற்றவர்கள் மரம் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்கள். சிந்துஜா நெடுங்கழியிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். தினமும் காலையில் பர்வீனோடு வீடு வீடாகப் போய், இந்தப் பதினொரு மாதத்தில் மரத்தில் ஊதியவர்கள் மறுபடி வந்து ஊதுங்கள் என்று கேட்டாள். கேட்ட இடத்திலெல்லாம் முதலில் தன் தவறைச் சொன்னாள். இரண்டு மாதத்தில் கருஞ்சிவப்பு வந்தவர்கள் பதினான்கு பேர் கிடைத்தார்கள். எப்படியும் அறுபது பேராவது இருப்பார்கள் என்பது பர்வீனின் கணக்கு.

ஐப்பசியில் ஒருநாள் காலை பர்வீனுக்குத் தடுப்பூசி முகாம் இருந்ததால் சிந்துஜா தனியாகப் போனாள். நான்காவது தெருவில் தேவகி என்ற பெண் கதவைத் திறந்தாள். கையில் கரண்டி. உள்ளே குழம்பு கொதிக்கும் வாசனை. பேசத் தொடங்கும் முன்பே இருமினாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் இருமினாள்.

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியும் மேடம்" என்றாள். "வரமாட்டேன்னு சொல்லல. எம் பொண்ணுக்கு இப்பதான் பொன்னேரில ஒரு எடம் பேசிக்கினு இருக்கோம். அம்மாக்காரி செவப்புன்னு தெரிஞ்சா பொண்ணையும் கூட்டியான்னுவாங்க. தையில கல்யாணம். தை முடியட்டும், நானே வந்து ஊதறேன்."

"தை வரைக்கும் இன்னும் மூணு மாசம் இருக்கும்மா."

"மூணு மாசந்தானே."

சிந்துஜா வாசலிலேயே நின்றாள். இந்தப் பெண்ணை அசைக்கக்கூடிய ஒரே ஒரு விஷயம் அவளிடம் இருந்தது. எண்களோ நிறங்களோ இல்லை அது. அதைச் சொல்வதில்லை என்று கட்டிலருகே கையைப் பிடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டிருந்தாள். பந்தலில் பத்துப் பேர் முன்னால் அதற்காகப் பொய்யும் சொல்லியிருந்தாள். செய்யாற்றில் மோனிஷாவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

தேவகி மறுபடி இருமினாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இப்படித்தான் சொன்னாங்க" என்றாள் சிந்துஜா. "பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு. அப்புறம் குழந்தை தரிக்கட்டும்னு. தனக்கு என்னமோ இருக்குன்னு தெரிஞ்சே இருந்தாங்க."

தேவகி அவள் முகத்தையே பார்த்தாள். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது.

"நம்ம சுகந்தியா?"

சிந்துஜா இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தெரிஞ்சேவா இருந்தா? அடிப்பாவி" என்றாள் தேவகி மெல்ல. உள்ளே போனாள். அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தி, செருப்பை மாட்டினாள். இரண்டு எட்டு நடந்தவள் நின்று, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவளைத் தடுக்க வேண்டும் என்று சிந்துஜாவுக்குத் தோன்றியது. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், நாளைக்குச் செய்யாற்றுக்கும் போய்விடும். அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏ மஞ்சுளா, வெளிய வா" என்று தேவகி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "நீயும் வந்து ஊது. சுகந்தி இன்னா பண்ணா தெரியுமாடி உனக்கு?"